பழைய ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டு மோட்டார்களில் தேய்ந்த டிரைவ் ஷாஃப்ட்டைச் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை எந்த மோட்டார்கள்?

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஜான்சன், எவின்ரூட் என்னும் பெயர்களில் வெளிவந்த, 10 முதல் 18 குதிரைத்திறன் வரையிலான படகின் பின்பலகையில் மாட்டும் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களையே முதன்மையாக மனத்தில் வைத்து இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1.5 குதிரைத்திறன் மோட்டாரிலிருந்து தொடங்கிய இந்த மரபு, 1936இல் ஜான்சன் நிறுவனமும் எவின்ரூட் குழுமமும் ஒன்றானபின் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. முன்னும் பின்னும் செல்லும் கியரும் தனியான பெட்ரோல் டேங்கும் கொண்ட ஜான்சன் 10 குதிரைத்திறன் மோட்டார் 1949இல் வந்தது. அந்தக் குடும்பத்து மோட்டார்கள் அமெரிக்க, கனடிய ஏரிக்கரைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மற்ற நிறுவனங்களின் பழைய மோட்டார்களிலும் அடிப்படை ஒன்றுதான். அளவுகளும் கழற்றும் வரிசையும் மட்டும் மாறும்.

டிரைவ் ஷாஃப்ட்டின் வேலை என்ன?

மேலே இருக்கும் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சியை வாங்கி, நீருக்கடியில் இருக்கும் கியர் பெட்டிக்குக் கொண்டுசெல்லும் நீண்ட செங்குத்துத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். அதன் மேல்முனையில் நெடுக்காக வெட்டப்பட்ட ஸ்பிளைன் பற்கள் கிராங்க் ஷாஃப்ட்டின் அடியிலுள்ள குழியில் நுழைகின்றன. கீழ்முனை பினியன் எனப்படும் சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில், கியர் பெட்டியின் தலைக்குச் சற்று மேலே, வாட்டர் பம்பில் நீரை இறைக்கும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரையும் இதே ஷாஃப்ட்தான் ஒரு சிறிய கீ அல்லது முளையின் வழியாகச் சுழற்றுகிறது. ஆகவே ஒரே தண்டில் மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. தேய்மானமும் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களை ஒட்டியே தோன்றுகிறது.

கழற்றாமலேயே தேய்மானத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இன்ஜின் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால் உடனே டிரைவ் ஷாஃப்ட்டைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் புரொப்பெல்லரில் இருக்கும் ஷியர் பின்னைப் பாருங்கள். பாறையில் அடிபட்டால் கியரைக் காப்பாற்றுவதற்காகத் தானே முறியும்படி வைக்கப்பட்ட மென்மையான முளை அது. பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

பின் நன்றாக இருந்தால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரைப் போட்டு, ஒருவர் புரொப்பெல்லரைப் பிடித்துக்கொள்ள மற்றவர் இன்ஜினின் உச்சியில் இருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கியர்களின் இயல்பான இடைவெளியால் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அதற்கும் மேலாக, மோட்டாரின் நடுப்பகுதியிலிருந்து 'டக் டக்' என்ற சத்தத்துடன் ஆட்டம் வந்தால் ஸ்பிளைன் தேய்ந்திருக்கிறது என்று கருதலாம். கியர் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்து வெளிவந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. ஷாஃப்ட்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் வளையமான சீல் கெட்டிருக்கலாம், சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது இரண்டுமே நடந்திருக்கலாம்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னோர் அறிகுறி உண்டு. தேய்ந்த ஸ்பிளைன் ஆடி ஆடிச் சுழலும்போது, அதற்கு மிக அருகில் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் அடிச் சீல் சிதைந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையின் காற்றுக்கட்டுதான் பெட்ரோல்-காற்றுக் கலவையை மேலே தள்ளுகிறது. அந்தக் கட்டு கீழ் சிலிண்டரில் மட்டும் குலைந்தால், மோட்டார் மெல்லோட்டத்தில் தடுமாறும். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்தத் தடுமாற்றம் போகாது.

கழற்றும்போது எதில் எச்சரிக்கை வேண்டும்?

முதலில் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, கியரை மாற்றும் கம்பியான ஷிஃப்ட் ராடின் இணைப்பை விடுவித்த பிறகே கியர் பெட்டியின் போல்ட்டுகளைத் தொட வேண்டும். இணைப்பை மறந்துவிட்டு இழுத்தால் ராடு வளையும். உப்புநீரில் ஓடிய மோட்டாரில் எஃகு போல்ட்டுகள் அலுமினிய உடலுடன் ஒட்டிப் பிடித்திருக்கும். அங்கே ஊடுருவும் எண்ணெய், மிதமான சூடு, ஓர் இரவுக் காத்திருப்பு ஆகிய மூன்றும் நீளமான ஸ்பானரைவிட நல்ல பலன் தரும். பிரியும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புவதை அடியோடு தவிர்க்க வேண்டும், ஏனெனில் பல பத்தாண்டுகள் பழைய அலுமினிய வார்ப்பின் விளிம்பு மிக எளிதில் உடைந்துவிடும், அதற்கு மாற்றும் கிடைக்காது.

இந்தக் குடும்பத்தின் சிறிய மாடல்கள் பலவற்றில் வாட்டர் பம்பை எடுத்ததும் ஷாஃப்ட்டை மேல்நோக்கி உருவி எடுத்துவிடலாம். பெரிய மோட்டார்களிலும் பிற நிறுவனங்களின் மோட்டார்களிலும் பினியன் ஒரு நட்டினால் ஷாஃப்ட்டுடன் பிணைக்கப்பட்டிருக்கக்கூடும். ஷாஃப்ட் வர மறுத்தால் சுத்தியலை எடுக்காமல், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பதே முறை.

ஷாஃப்ட்டை வெளியே எடுத்தாயிற்று. எங்கே, எப்படி அளப்பது?

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேல்முனையின் ஸ்பிளைன் பற்களில் சிவப்புக் கலந்த பழுப்புப் பொடி படிந்திருந்தால், அந்த மூட்டு நெடுநாள் கிரீஸ் இல்லாமல் உலர்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். இரண்டு உலோகங்கள் இறுக்கமாகத் தொட்டுக்கொண்டு மிக நுண்ணிய அளவில் உரசும்போது உதிரும் துகள்கள் துருவாக மாறுவதால் அந்த நிறம் வருகிறது. பொடியைத் துடைத்தபின் பல்லின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். இன்ஜின் ஒரே திசையில் சுழல்வதால் தேய்மானமும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். ஒரு பக்கம் இன்னும் செங்குத்தாக நிற்க, மறுபக்கம் சரிந்து, பல்லின் நுனி ரம்பப் பல்லைப் போலக் கூர்மையாகியிருந்தால் அந்த ஸ்பிளைனின் ஆயுள் முடிந்துவிட்டது. பல்லின் நுனியில் தட்டையான பகுதி தெளிவாக எஞ்சியிருந்து, சரிவு மட்டும் லேசாகத் தெரிந்தால், சுத்தம் செய்து சரியான கிரீஸுடன் இன்னும் பல பருவங்கள் ஓட்டலாம்.

அடுத்தது சீல் உரசும் வளையம். அங்கே நகத்தை நெடுக்காக ஓட்டிப் பார்த்தால், பள்ளம் இருக்குமிடத்தில் நகம் தடுக்கும். தடுத்தால் மைக்ரோமீட்டரை எடுத்துப் பள்ளத்திலும், அதற்குச் சற்று மேலே தேயாத இடத்திலும் விட்டத்தை அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரின் தாடை அகலமானது. குறுகிய பள்ளத்துக்குள் அது இறங்காது என்பதால் அதன் அளவை நம்ப வேண்டாம். பம்ப் இருந்த பகுதியில் மணல் கலந்த நீர் வரிவரியாகக் கீறியிருக்கும். கீ உட்காரும் குழியின் விளிம்புகள் உருண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாக, கீழ் பேரிங் ஓடும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உலோகம் செதில்செதிலாகப் பெயர்ந்திருந்தால், பேரிங்கையும் சேர்த்து மாற்றாமல் எந்தப் பழுதுபார்ப்பும் பயன்படாது.

விட்டம் குறைந்த ஷாஃப்ட் ஓடும்போது முறிந்துவிடுமா?

இந்த அச்சம் பரவலாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தேவையற்றது. 10 குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது ஷாஃப்ட்டின் மீது வரும் சராசரி முறுக்குவிசை சுமார் 17.8 நியூட்டன் மீட்டர். 12.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகுத் தண்டில் அது உண்டாக்கும் தகைவு சுமார் 44 மெகாபாஸ்கல். முழுத் தண்டையும் 11.7 மி.மீ. ஆகக் குறைத்தாலும் அது ஏறத்தாழ 57 மெகாபாஸ்கலுக்குத்தான் உயரும். ஒவ்வொரு வெடிப்பின்போதும் வரும் துடிப்பு சராசரியைப் போலப் பல மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், நல்ல எஃகு அதைத் தாங்கும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆழமான துருக்குழிகளும், கூர்மையான மூலையுள்ள பள்ளங்களும் விரிசலுக்குத் தொடக்கப்புள்ளிகள் ஆகும். சீரான தேய்மானத்தைவிட, ஊசி நுழையும் அளவுள்ள ஒற்றைத் துருக்குழியே எனக்கு அதிகக் கவலை தரும்.

சீல் உரசிய பள்ளத்தை எப்படிச் சரிசெய்வது?

எளிய வழியிலிருந்து தொடங்குவதே நல்லது. சீல் உட்காரும் குழியில் இடம் இருந்தால், புதிய சீலை 1 முதல் 2 மி.மீ. வரை மேலாகவோ கீழாகவோ பொருத்தினால், அதன் உதடு தேயாத பகுதியில் போய் உட்காரும். செலவே இல்லாத இந்த வழி பல மோட்டார்களுக்குப் போதுமானது. சீல் வேறெதிலும் உரசாமலும், நீர் அல்லது எண்ணெய் செல்லும் துளையை மறைக்காமலும் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறையைப் பள்ளத்தின்மேல் இறுக்கமாக ஏற்றுவது. எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதன் சுவர் சுமார் 0.28 மி.மீ. தடிமன் மட்டுமே என்பதால் பழைய அளவுச் சீலையே பயன்படுத்தலாம். பள்ளம் ஆழமாக இருந்தால், உலோகத்தூள் கலந்த எப்பாக்சியை முதலில் பூசி, அது இறுகுவதற்கு முன்பே உறையை ஏற்றிவிட வேண்டும். இங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இந்த உறைகள் சுமார் 12 மி.மீ. விட்டத்திலிருந்துதான் கிடைக்கின்றன, ஆகவே அதைவிட மெல்லிய ஷாஃப்ட் உள்ள சிறிய மோட்டார்களுக்கு இது உதவாது. உறை ஏறும் பாதையில் ஷாஃப்ட்டின் விட்டம் எங்கும் கூடுதலாக இல்லை என்பதையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, கடினக் குரோமியம் அல்லது உலோகத் தெளிப்பின் மூலம் அந்த இடத்தை நிரப்பி, பிறகு கிரைண்டிங் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது. வேலை நேர்த்தியாக அமையும், செலவும் அதற்கேற்ப இருக்கும். குரோமியம் பூசும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும் என்பதால், பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 190 செல்சியஸ் வெப்பத்தில் ஷாஃப்ட்டைச் சுட வேண்டும். கடினப்படுத்தப்பட்ட எஃகுக்கு இது மிக அவசியம். அந்தப் பட்டறை இதைச் செய்கிறதா என்று பொருளைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இறுதி மெருகில் எமரித் தாளை நேர்வட்டமாகப் பிடிக்க வேண்டும். லேத்தில் தாளைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே மெருகேற்றினால், கண்ணுக்குத் தெரியாத திருகுக்கோடுகள் உண்டாகி, சீல் புதியதாக இருந்தாலும் அவை எண்ணெயை வெளியேயோ நீரை உள்ளேயோ இறைத்துவிடும்.

தேய்ந்த ஸ்பிளைனின் மேல் வெல்டிங் செய்து மீண்டும் பற்களை வெட்டலாமா?

செய்ய முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய நீண்ட தண்டின் ஒரு முனையில் இவ்வளவு வெப்பம் பாய்ந்தால் அது வளையும். கடினப்படுத்தப்பட்ட எஃகின் கடினம் போய்விடும், வெல்டு உலோகத்துக்கும் பழைய உலோகத்துக்கும் இடையே விரிசல் தொடங்கும். சீல் உரசும் இடத்தைப்போல உராய்வை மட்டும் தாங்கும் பகுதியில் இவற்றைச் சமாளிக்கலாம். ஒவ்வொரு பல்லும் முறுக்கைச் சுமக்கும் ஸ்பிளைனில் சமாளிக்க முடியாது.

அப்படியானால் ஸ்பிளைனுக்கு என்னதான் வழி?

வழிகள் இரண்டு. வேறு ஷாஃப்ட்டின் நல்ல தலையை இணைப்பது ஒன்று, முழு ஷாஃப்ட்டையும் புதிதாகக் கடைவது மற்றொன்று.

முதலாவதில், கீழ்ப்பகுதி கெட்டுப்போன இன்னொரு ஷாஃப்ட்டிலிருந்து நல்ல ஸ்பிளைன் பகுதியை வெட்டி எடுத்து, ஒன்றில் துளையும் மற்றொன்றில் அதற்கேற்ற குமிழும் கடைந்து, இறுக்கமாகச் செருகி, சுற்றிலும் சரிவு வெட்டி டிக் வெல்டிங் செய்கிறார்கள். மூட்டு, சீல் ஓடும் இடத்திலிருந்தும் ஸ்பிளைனிலிருந்தும் நன்றாக விலகி, தண்டின் வெற்றுப் பகுதியில் அமைய வேண்டும். செருகும் நீளம் விட்டத்தைவிடக் குறையாமல் இருப்பது நல்லது. பிறகு லேத்தில் வைத்து நேராக்கி, மூட்டை மெருகேற்ற வேண்டும். இப்படிச் செய்யும்போது மொத்த நீளத்தை, பழைய ஷாஃப்ட்டில் எடுத்த அளவுடன் மில்லிமீட்டரின் பின்னம் வரை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி செலவு மிக்கது, ஆனால் நீடிக்கும். நன்னீரில் ஓடும் மோட்டாருக்கு லேத் பட்டறைகளில் இஎன் 24 என்று அறியப்படும் நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் எஃகு சிறந்த தேர்வு. உப்புநீருக்கு 17-4 பிஹெச் எனப்படும், வெப்பத்தால் கடினப்படுத்தக்கூடிய துருப்பிடிக்காத எஃகைத் தேடுங்கள். துருப்பிடிக்காது என்பதற்காக 304, 316 வகை எஃகில் கடையச் சொல்லாதீர்கள். அவை மென்மையானவை, ஒன்றோடொன்று உரசும்போது கிழிந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஸ்பிளைனுக்கு அவை ஏற்றவையே அல்ல.

பற்களை வெட்ட, வட்டத்தைச் சம பங்குகளாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் பொருத்திய மில்லிங் இயந்திரமும், பல்லின் வடிவத்துக்கேற்ற கட்டரும் போதும். தேய்ந்த பற்களை மாதிரியாகக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்துவிடுவார்கள். ஆகவே கிராங்கின் உட்பற்களைத் தொடாததால் தேயாது நிற்கும் ஸ்பிளைனின் முடிவுப் பகுதியில் பல்லின் அகலத்தை அளந்து கொடுங்கள். அந்தச் சிறு பகுதி ஏறத்தாழ எல்லாப் பழைய ஷாஃப்ட்டுகளிலும் எஞ்சியிருக்கும்.

கிராங்க் ஷாஃப்ட்டின் உட்புறப் பற்களும் தேய்ந்திருக்குமா?

நிச்சயமாகத் தேய்ந்திருக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. புதிய ஷாஃப்ட்டைப் போட்டு ஒரே பருவத்தில் அதையும் இழந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியவர்கள்தான். தேய்ந்த உட்பற்கள் புதிய பல்லின் முழுப் பரப்பையும் தொடாமல், ஒரு விளிம்பை மட்டும் அழுத்தும். அந்த விளிம்பு நசுங்கி, ஆட்டம் மீண்டும் தொடங்கிவிடும். புதிய அல்லது நல்ல ஷாஃப்ட்டைக் கையால் செருகி, சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால், கிராங்க் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டிய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியிருப்பதால், நல்ல நிலையிலுள்ள இன்னொரு பழைய இன்ஜினை வாங்குவது பல நேரங்களில் சிக்கனமாக முடியும்.

ஷாஃப்ட் வளைந்திருந்தால்?

வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு தாங்கிகளான வி-பிளாக்குகளின் மேல் கிடத்தி, நடுவில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினால் வளைவு தெரிந்துவிடும். முள் 0.1 மி.மீ.க்கு மேல் அசைந்தால் நேராக்காமல் பொருத்துவதில்லை என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. குளிர்நிலையில், அழுத்தியில் சிறிது சிறிதாக நேராக்கலாம். முறுக்கிக்கொண்டு திருகிப்போன ஷாஃப்ட்டை நேராக்க வழியில்லை.

பழைய உதிரிபாகம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் தயாரித்துவந்த ஓஎம்சி (அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன்) நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பெயர்களை வாங்கிய நிறுவனமும் 2020இல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த ஷாஃப்ட்டுகள் பழைய கடைகளில் விற்காமல் தங்கியவையாகவோ, கழித்துப்போட்ட மோட்டார்களிலிருந்தோதான் வரும். அமெரிக்காவில் 1965இல் தொடங்கப்பட்ட பழங்கால அவுட்போர்டு மோட்டார் சங்கத்தின் உறுப்பினர்களிடையே இவை கைமாறுகின்றன.

பாகத்தின் எண்ணை மட்டும் நம்பாமல் நீளம், பற்களின் எண்ணிக்கை, கீ இருக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடலிலேயே 15 அங்குலப் படகுப் பின்பலகைக்கும் 20 அங்குலப் பின்பலகைக்கும் தனித்தனி நீளங்களில் ஷாஃப்ட்டுகள் வந்தன. ஒரு சிறிதளவு நீளம் கூடினாலும் ஷாஃப்ட் கிராங்கை மேல்நோக்கித் தள்ளி, இரண்டின் பேரிங்குகளையும் அழித்துவிடும்.

மீண்டும் பொருத்தும் முறை என்ன?

புதிய சீல், ஸ்பிளைன் மூட்டுக்கு நீர் வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான புதிய ஓ-ரிங், புதிய இம்பெல்லர் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். சீலின் உதட்டை ஸ்பிளைனின் கூர்விளிம்பு கிழிக்காமலிருக்க, பற்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு ஷாஃப்ட்டை இறக்குங்கள். பம்பின் மூடியைப் போடும்போது ஷாஃப்ட்டைக் கடிகாரச் சுற்றில் சுழற்றிக்கொண்டே அழுத்தினால், இம்பெல்லரின் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும்.

கியர் பெட்டியை மேலேற்றும்போது ஃபிளைவீலையும் கடிகாரச் சுற்றிலேயே மெதுவாகச் சுழற்றினால் பற்கள் தாமாகப் பொருந்தும். இரண்டு உடல்களும் கையழுத்தத்திலேயே இடைவெளியின்றிச் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்ப்பது, பற்கள் எதிரெதிரே முட்டிக்கொண்டிருக்கும் நிலையில் கிராங்கை நசுக்குவதாகும். வார்ப்பு உடைவதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஸ்பிளைனில் கிரீஸை எவ்வளவு தாராளமாக வைக்கலாம்?

பற்களின் பக்கங்களில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, நீரில் கரையாத கிரீஸை நன்றாகப் பூசுங்கள். ஆனால் ஷாஃப்ட்டின் உச்சித் தட்டையில் ஒரு துளியும் வைக்க வேண்டாம். கிராங்கின் குழியின் உள்முனை மூடியது. உச்சியில் வைத்த கிரீஸ் வெளியேற வழியில்லாமல் அங்கே சிறைப்பட்டு, ஷாஃப்ட் முழு ஆழத்துக்கு நுழைவதைத் தடுத்துவிடும். கிரீஸ் சுருங்காத பொருள் என்பதால், மேலே சொன்ன நீளமான ஷாஃப்ட்டின் கேடு அப்படியே இங்கும் நேரும்.

முறிந்த ஷியர் பின்னுக்குப் பதிலாக ஆணியைப் போட்டு ஓட்டலாமா?

கூடாது. கரைசேர வேறு வழியே இல்லாத நேரத்தில் மிக மெதுவாக ஓட்டி வருவதைத் தவிர, கடினமான ஆணிக்கோ எஃகு போல்ட் துண்டுக்கோ அங்கே இடமில்லை. பின் முறியாவிட்டால் பாறையின் அடி முழுவதும் கியரின் பற்களுக்கும், அங்கிருந்து ஷாஃப்ட்டின் ஸ்பிளைனுக்கும் போகும். முறுக்கித் திருகிப்போன ஷாஃப்ட்டுகளுக்கு இதுவே முக்கியக் காரணம். மாற்றுப் பின்கள் இரண்டை மோட்டார் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தபின் எப்போது சோதிக்க வேண்டும்?

கியர் எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து, மேல் துளையில் குமிழியின்றி வழியும் வரை ஏற்றுங்கள். முதல் ஓட்டத்தை நீர் நிரம்பிய தொட்டியிலேயே செய்யுங்கள், ஏனெனில் நீரின்றி ஓடினால் புதிய இம்பெல்லர் சில விநாடிகளிலேயே கருகிவிடும். சில மணி நேரம் ஓடியபின் மோட்டாரை ஓர் இரவு நிமிர்த்தி நிறுத்தி, மறுநாள் கீழ்த் துளையைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே போயிருந்தால் முதலில் வெளிவருவது அதுவாகவே இருக்கும். தெளிந்த எண்ணெய் வந்தால் சீலும் ஷாஃப்ட்டும் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை, உப்புநீரில் ஓடுவதானால் பருவத்துக்கு ஒரு முறை, கியர் பெட்டியை இறக்கி ஸ்பிளைனைத் துடைத்துப் புதிய கிரீஸ் பூசுங்கள். அப்போது துணியில் பழுப்புப் பொடி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் ஸ்பிளைன் கிரீஸின்றி ஓடியிருக்கிறது, ஓ-ரிங் விட்டுக்கொடுத்திருக்கலாம், அதை அப்போதே மாற்றிவிட வேண்டும்.